மண்மேடு எங்கள் ஊரிலிருந்து எப்படித் தெரியும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் காட்டுமன்னார்கோவில் பக்கம் விவசாயம் பார்ப்பவன். வீராணம் ஏரிக்கரையில் ஏறி நின்று கிழக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல்தான். நடுவில் நாலு தென்னை, தூரத்தில் ஒரு கோபுரம். எங்களுக்கு மேடு என்றால் ஆற்றங்கரை, ஏரிக்கரை, வீடு கட்டியிருக்கும் திடல், அவ்வளவுதான். சேத்தியாத்தோப்பைத் தாண்டி வடலூர் ரோட்டில் போனால் வேறு மாதிரி ஒரு மேடு தெரிகிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வெட்டிக் கொட்டிய மேடு அது. உச்சி தட்டையாக இருக்கும், பக்கமெல்லாம் படிப்படியாக இறங்கும், ஐப்பசி மழை அடித்த இடங்களில் வரிவரியாக அரித்துப் போயிருக்கும். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ள வேண்டியிருக்கிறது, வெட்டிய மண் உதிர்ந்து பெருத்துவிடுவதால் அதே குழியில் திரும்பக் கொட்டினாலும் முழுதாக அடங்காது.

சில வருடங்களுக்கு முன் சுரங்கத்துக்கான ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தண்ணீர், தூசி, இழப்பீடு, வேலை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், எல்லாமே கேட்க வேண்டியவைதான். என் முறை வந்தபோது, "கொட்டப்போகிற மண்மேடு எங்கள் களத்து மேட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், ஏதாவது படம் இருக்கிறதா?" என்று கேட்டேன். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு அதிகாரி, "சுற்றி மரம் நடுவோம் ஐயா" என்றார். அவ்வளவுதான் பதில்.

மரம் நடுவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேட்டை மறைக்கிற அளவுக்கு மரம் வளர பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதுவுமில்லாமல் எங்கள் மண்ணின் அழகே அது திறந்து கிடப்பதுதான். வெட்டவெளிக்குக் குறுக்கே சவுக்குச் சுவர் எழுப்பினால் மேடு மறையலாம், கூடவே நாங்கள் பார்த்து வளர்ந்த வெளியும் மறைந்துவிடும்.

ஒரு திட்டத்தால் நிலமும் கண்ணுக்குத் தெரியும் காட்சியும் எப்படி மாறும் என்று மதிப்பிட பிரிட்டனில் தனி வழிகாட்டி நெறிமுறையே இருக்கிறது, அதன் மூன்றாம் பதிப்பு 2013-ல் வந்தது. அதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். நிலத்தின் அமைப்பும் குணமும் எப்படி மாறும் என்பது ஒன்று, அங்கே வாழ்கிற, அந்த வழியாகப் போகிற மனிதர்கள் கண்ணுக்கு என்ன மாறும் என்பது இன்னொன்று. எங்கள் காவிரி டெல்டாவில் முதல் கேள்வியே பெரியது. இங்கே தண்ணீர் ஓடுவது பெரிய சரிவால் அல்ல, கண்ணுக்கே தெரியாத சின்ன வாட்டத்தால். அந்த வாட்டத்துக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டினால் வாய்க்காலும் வடிகாலும் திசை மாறும், மேட்டிலிருந்து அரித்து வருகிற களிமண் அடுத்த வடிகாலில்தான் போய்ப் படியும்.

இரண்டாவது கேள்விக்குச் சின்னக் கணக்கே போதும். 60 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு எழும்பினால், அதாவது கிட்டத்தட்ட தஞ்சைப் பெரிய கோயில் விமானம் அளவுக்கு, குறுக்கே மரமோ வீடோ இல்லாத சமதரையில் அது சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி நிற்பவனுக்கும் தெரியும். ஆனால் சுரங்கத்துக்கான அறிக்கைகளில் வழக்கமாக ஆராய்வது சுற்றியுள்ள 10 கிலோமீட்டரைத்தான். மலை நாட்டில் அது போதுமாக இருக்கலாம், இங்கே போதாது.

2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, எங்கள் வட்டாரமும் அதில் இருக்கிறது, சந்தோஷம். 2023 மார்ச் கடைசியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று இடங்கள் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு ஏப்ரலில் நீக்கப்பட்டதையும் மறக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் போட்ட கோடு கண்ணுக்கு ஏது? கோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மண் இந்தப் பக்கத்து வயலில் நிற்பவனுக்கும் தெரியத்தான் போகிறது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், பெரிய கட்டடம் கட்டுபவர் நிரப்பும் படிவத்தில், உங்கள் கட்டடம் இயற்கைக் காட்சியை மறைக்குமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. கட்டடத்துக்கே அப்படிக் கேட்கிறார்கள் என்றால் மண்மலைக்கு அதைவிட அழுத்தமாகக் கேட்க வேண்டாமா?

நான் கேட்பது இதுதான். எந்த இடத்திலிருந்து பார்ப்பது என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், ஏரிக்கரை, களத்து மேடு, பள்ளிக்கூட வாசல், பஸ் ஸ்டாப் என்று நாங்கள் சொல்வோம். அங்கிருந்தெல்லாம் நடவு சமயத்தில் ஒரு தடவை, அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது ஒரு தடவை போட்டோ எடுத்து, மேடு வந்தால் எப்படி இருக்கும் என்று அதிலேயே வரைந்து, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்டுங்கள். அது முடியாவிட்டால், மேடு எவ்வளவு உயரம் வரப்போகிறதோ அவ்வளவு உயரத்தில், அது வரப்போகிற இடத்திலேயே ஒரு பெரிய பலூனைக் கயிற்றில் கட்டி ஒரு வாரம் பறக்க விடுங்கள். நாங்கள் எங்கள் களத்தில் நின்று பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
காட்டுமன்னார்கோவில் வட்டம்