எட்டுக்கு ஒரு நிரூபணம்

மதுரை

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். முழங்கால் வலி இருந்தாலும், மாலையில் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதை நான் விடவில்லை. கல்லூரி நாட்களில் அதே கல்கட்டில் அமர்ந்து நாம் பாதியில் விட்ட கணக்கு சென்ற வாரம் முடிந்துவிட்டது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

சதுரங்கப் பலகையில் 1 முதல் 64 வரையுள்ள எண்களை எப்படி நிரப்பினாலும், ஒரு பக்கத்தால் ஒட்டியிருக்கும் ஏதோ இரு கட்டங்களின் எண்கள் குறைந்தது 8 வேறுபடும் என்று நீ சொன்னாய். 1-லிருந்து 64-க்கு அதிகபட்சம் 14 அடிகளில் போய்விடலாம், ஏற வேண்டியது 63, ஆகவே ஏதோ ஓர் அடியில் குறைந்தது 5 ஏற வேண்டும் என்பது வரைதான் அன்று நம்மால் காட்ட முடிந்தது. மூலைவிட்டமாகத் தொடும் கட்டங்களையும் சேர்த்துக்கொண்டால் 7 அடிகள் போதும் என்பதால், அதே வழி உடனே 9 தந்துவிடுகிறது. பக்கங்கள் மட்டும் என்னும்போது அது பாதியில் நின்றுவிடுவதுதான் என்னை இத்தனை ஆண்டுகள் உறுத்தியது.

ஒரு பாதையை மட்டும் பார்த்ததுதான் நம் தவறு. எந்த வேறுபாடும் 7-ஐத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள். 1 முதல் 56 வரை ஏதேனும் ஓர் எண்ணை 'க' எனக் கொண்டு, க+1 முதல் க+7 வரையுள்ள ஏழு எண்களின் கட்டங்களை அடைத்துவிடு. ஏழு பேரை நிறுத்தி எட்டுத் தெருக்களை மறிக்க முடியாது அல்லவா? ஆகவே அடைபடாத ஒரு நிரையும் (கிடைவரிசை) ஒரு நிரலும் (நெடுவரிசை) கட்டாயம் எஞ்சும்; இரண்டும் வெட்டிக்கொண்டு 15 கட்டங்கள் கொண்ட ஒரு கூட்டல் குறியாகும். அதிலுள்ள எண்கள் ஒன்று க அல்லது அதற்குக் கீழ், இல்லையேல் க+8 அல்லது அதற்கு மேல்; இவ்விரு வகைகளும் அருகருகே வந்தால் வேறுபாடு 8 ஆகிவிடும் என்பதால், குறி முழுவதும் ஒரே வகையாகத்தான் இருக்கும்.

க 1 என்றால் கீழ்வகையில் ஒரே எண்தான் உண்டு, எனவே குறி மேல்வகை. க 56 என்றால் மேல்வகையில் 64 மட்டுமே, எனவே குறி கீழ்வகை. இடையில் எங்கோ வகை மாறியாக வேண்டும். முதன்முதலாக மாறும் இடத்தில், க-வுக்குரிய குறியின் எண்கள் எல்லாம் க-வைத் தாண்டாதவை, அதற்கு முந்தைய குறியின் எண்கள் எல்லாம் க+7-க்குக் குறையாதவை. ஆனால் ஒன்றின் நிரை மற்றதன் நிரலை வெட்டாமல் இருக்க வழியே இல்லை! அந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது?

வரிசையாக எழுதினால் மேல்கீழ் வேறுபாடு சரியாக 8 என்பதால், நீ அன்று சொன்னதற்கு மேல் கேட்கவும் இயலாது. வகை மாறும் அந்தப் படியை மட்டும் ஒருமுறை சரிபார்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்