வலது கண்ணும் ஒரு நீல ரோஜாவும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கு என் வலது கண்தான் காரணம். கண்புரையை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இப்போது நாள் முழுவதும் ஒரே விளையாட்டு: ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்ப்பது. இடது கண்ணுக்கு வெள்ளைச் சுவர் பழைய காகிதம் போல மஞ்சள் பூத்திருக்கிறது. வலது கண்ணுக்கு அதே சுவர் பளீரென்று வெளுத்து, லேசான நீலச் சாயலோடு தெரிகிறது. லென்ஸ் மஞ்சளிக்கத் தொடங்கினால் நீலத்தைத்தான் முதலில் விழுங்குமாம். எத்தனை வருடமாக நீலத்தைப் பறிகொடுத்திருந்தேனோ, அது தெரியாமலே வாழ்ந்திருக்கிறேன்.

கண் தெளிந்ததும் நான் பார்த்த முதல் படம் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1940இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ தான். “இந்த வயதிலும் பறக்கும் கம்பளத்தில் உனக்கு என்ன கிடைக்கிறது?” என்று கேட்டிருந்தாய். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை தடவை பார்த்தும் சொல்ல வராத பதில் இந்தத் தடவை வந்தது.

அது கண்களைப் பற்றிய படம். தொடக்கத்திலேயே துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் முகப்பில் பெரிய கண் ஒன்று தீட்டியிருக்கும். அடுத்து மந்திரவாதி ஜாஃபரின் கண்கள். இளவரசி வீதியில் வரும்போது யாரும் பார்க்கக் கூடாது, பார்த்தால் மரணம். பாக்தாத்தின் அரசன் அகமது பார்த்துவிடுகிறான். பிறகு ஜாஃபர் அவன் பார்வையையே பறிக்கிறான், அவனுடைய நண்பனான திருட்டுச் சிறுவன் அபுவை நாயாக்குகிறான். பார்வை திரும்ப வேண்டுமானால் இளவரசி ஜாஃபரின் கைகளுக்குள் போக வேண்டும். வெறுப்பவனின் அணைப்பை அவள் ஏற்கும் அந்தக் கணத்தில் அகமதுக்குக் கண் தெரிகிறது. சிறு வயதில் இந்த இடத்தில் பூதம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் கொடுத்த விலை நம் இருவருக்குமே உறைக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த மாணிக்கக் கண். பூதம் கொடுத்த மூன்று வரங்களில் முதலாவதை அபு சாப்பாட்டுக்குச் செலவழித்துவிடுவான் (பசித்த பையன் வேறு என்ன கேட்பான்?). இரண்டாவது வரத்தால், பெரிய சிலந்தியோடு மல்லுக்கட்டி, சிலையின் நெற்றியிலிருக்கும் எல்லாம் காட்டும் கல்லைப் பெயர்த்தெடுப்பான். அந்தக் கல்லில் அகமது எதைப் பார்க்கிறான்? மறதி தரும் நீல ரோஜாவை இளவரசி முகர்வதைப் பார்க்கிறான். தூரத்தில் நடப்பதெல்லாம் தெரிகிறது, கையை நீட்டித் தடுக்க முடியவில்லை. அந்த வேதனையில் நண்பர்களுக்குள் சண்டை மூள்கிறது, கோபத்தில் வாய் தவறி மூன்றாவது வரமும் போய்விடுகிறது. கடைசியில் அபு அந்தக் கல்லைத் தரையில் அடித்து உடைக்கிறான். வழி திறப்பது அதற்குப் பிறகுதான். அந்த ரோஜாவின் நீலத்தை வலது கண்ணால் பார்த்தபோது பேச்சு வரவில்லை. இடது கண்ணால் பார்த்தேன், சாம்பல் பூத்த ஏதோ ஒரு பூ.

இன்னொன்று. நீலப் பின்னணியின் முன் நடிகர்களைப் படம்பிடித்து, அந்த நீலத்தை நீக்கிவிட்டு, அங்கே வேறொரு காட்சியைப் பொருத்தும் முறையை லாரன்ஸ் பட்லர் இந்தப் படத்தில்தான் வளர்த்தெடுத்தார். ஆஸ்கர் விருதும் பெற்றார். புதுக் கண்ணுக்கு ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தெரிகிறது. பூதத்தைச் சுற்றி ஒரு கோடு நடுங்குகிறது. தெரிந்தால் தெரியட்டும். அந்த ராட்சதப் பாதம் மணலில் ஊன்றும்போது, அதன் பக்கத்தில் அபுவாக நடித்த சாபு அண்ணாந்து பார்க்கும் பார்வையில் பொய்யே இல்லை. அவன் நம்புவதால் நானும் நம்புகிறேன்.

சாபு மைசூர் யானைப்பாகனின் மகன். ‘எலிஃபன்ட் பாய்’ படத்துக்காக அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன சிறுவன். மற்றவர்களையும் பார். தயாரிப்பாளர் கோர்டாவும் இசையமைப்பாளர் ரோஸாவும் ஹங்கேரியில் பிறந்தவர்கள். ஜாஃபராக நடித்த கான்ராட் வைட், யூத மனைவியோடு நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இரண்டாம் உலகப் போர் முடிவதைப் பார்க்காமலே 1943இல் இறந்தார். படப்பிடிப்பு இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்தபோதே போர் மூண்டது. மிச்சத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் முடித்தார்கள். படத்தில் வரும் செம்பாறைப் பள்ளத்தாக்கு கிராண்ட் கேன்யன். ஊரை விட்டு வந்த இத்தனை பேர் சேர்ந்து கட்டிய நகரம் அது, நிஜ பாக்தாத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அரபு மண்ணைப் பிழையாகக் காட்டுகிறது என்று குறை சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இளஞ்சிவப்பு மதில்களைப் பார்க்கும்போது, திரும்ப முடியாதவர்களின் ஏக்கம்தான் எனக்குத் தெரிகிறது.

கல் உடைந்த பிறகு அபு போய்ச் சேரும் இடம் உனக்கு நினைவிருக்கிறதா? கூடாரங்கள், வெண்தாடிக் கிழவர்கள். மனிதர்கள் குழந்தைகளாக இருப்பதையும் நம்புவதையும் நிறுத்தியதும் கல்லாகிப் போனவர்கள், இவன் வந்ததால் உயிர் பெற்றவர்கள். தன் அரசையே இவனுக்குத் தர நினைக்கிறார் அவர்களின் ராஜா. இவனோ நண்பனைக் காப்பாற்றக் கம்பளத்தைத் திருடிக்கொண்டு கிளம்புகிறான். முன்பெல்லாம் இந்தக் காட்சி இழுவை என்று நீயும் நானும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவோம். இப்போது அந்தக் கிழவரின் முகத்தை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. உன்னை இங்கே கூப்பிட அறுவை முடியட்டும் என்று காத்திருந்தேன். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அது முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்பி வா, நாலு நாளாவது தங்குவது போல வா. இரண்டு கண்ணாலும் அந்த ரோஜாவை நான் இன்னும் பார்க்கவில்லை. நீ வரும் வரை படத்தைப் போட மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்