டென்னசி மகளிர் அணி: பட்டியலில் விடுபட்ட ஏழு பருவங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணியைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையின் பருவவாரிப் பட்டியல் 1982-ல் தொடங்குகிறது. எட்டுக் கோப்பைகளின் ஆண்டுகளும் (1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008) சரி. ஆனால் 1982 என்பது பெண்களுக்காக என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) முதன்முதலில் தேசியப் போட்டி நடத்திய ஆண்டுதான். அணிக்கு அதைவிட வயது அதிகம்.

பட்டியலின் அடியில் பயிற்சியாளர் பேட் சம்மிட்டின் மொத்தக் கணக்கு 1,098 வெற்றி, 208 தோல்வி என்று இருக்கிறது. அது 1974-75 பருவம் முதல் எண்ணியது. 1982-லிருந்து கூட்டிப் பார்க்கும் வாசகருக்குக் கணக்கு உதைக்கும். இடையில் விடுபட்டவை ஏழு பருவங்கள். அப்போது கல்லூரிப் பெண்களுக்கான போட்டிகளை நடத்தியது 1971-ல் அமைந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம். அதன் இறுதி ஆட்டத்துக்கு டென்னசி இரண்டு முறை வந்து இரண்டு முறையும் தோற்றது: 1980-ல் ஓல்டு டொமினியனிடம் 68-53, மறு ஆண்டு லூசியானா டெக்கிடம் 79-59. இந்த இரு வரிகள் இல்லாவிட்டால் 1987-ன் கோப்பை வானத்திலிருந்து விழுந்ததுபோல் தெரியும்.

இந்தப் பல்கலைக்கழக மாணவிகள் 1903-லேயே ஆடினார்கள். 1920-களின் நடுவில் அணி நிறுத்தப்பட்டது. போட்டி ஆட்டம் பெண்களின் உடலுக்கும் குணத்துக்கும் கேடு என்று அந்நாட்டு உடற்கல்வி வட்டாரத்திலேயே பலர் வாதாடிய காலம் அது. 1960 வாக்கில் அணி மீண்டது. 1974-ல் பொறுப்பேற்றபோது சம்மிட்டுக்கு வயது 22, மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியதும் சீருடைகளைத் துவைத்ததும் அவரே. முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83 என ஒரே புள்ளியில் தோல்வி.

அந்த மாநிலப் பள்ளிகளின் விதியைச் சொல்லாமல் எழுபதுகளை விளக்க முடியாது. கல்லூரிகள் 1971-லேயே ஐவர் ஆடும் முழுக்கள ஆட்டத்துக்கு மாறிவிட்டன. டென்னசிப் பள்ளிகளிலோ 1979 வரை அறுவர் ஆட்டம். களத்தின் ஒரு பாதியில் மூன்று ஃபார்வர்டுகள் (தாக்குபவர்கள்), மறு பாதியில் மூன்று கார்டுகள் (தடுப்பவர்கள்). நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. கூடையில் போடுவது ஃபார்வர்டின் வேலை மட்டுமே. கார்டு பந்தைப் பறித்தாலும் கோடு வரை கொண்டுபோய் அந்தப் பக்கத் தோழிக்குப் பாஸ் கொடுத்துவிட்டு நின்றுவிட வேண்டியதுதான். பள்ளி அணிக்குக் கார்டாகப் பல ஆண்டுகள் ஆடியவள், ஆட்டத்தில் ஒரு லே-அப்கூட (கூடையருகே ஓடிவந்து போடும் பந்து) போடாமல் கல்லூரிக்கு வந்துவிடுவாள். ஃபார்வர்டாக இருந்தவளுக்கு, எதிராளியின் முன் பக்கவாட்டில் நகர்ந்து மறிக்கும் காலடி வராது. இருவருக்குமே 94 அடிக் களத்தை முழுதாக ஓடிப் பழக்கமில்லை. பந்து கைமாறிய நொடியில் திரும்பி ஓடாமல் நின்றுவிடுவார்கள்; எதிரணி விரைவுத் தாக்குதலில் எளிதாகப் புள்ளி எடுப்பது அங்கேதான். இதனால் கல்லூரி உதவித்தொகை வாய்ப்பு பறிபோகிறது என்று ஒரு பள்ளி மாணவி வழக்கே தொடுத்தார். கீழ்நீதிமன்றத்தில் வென்றார், 1977-ல் மேல்முறையீட்டில் தோற்றார். விதியை மாற்றச் சொல்லி வலியுறுத்தியவர்களில் சம்மிட்டும் ஒருவர். கோப்பைகளுக்கு நிகராக இந்த மாற்றத்தையும் அவர் கணக்கில் எழுத வேண்டும் என்பேன்.

கட்டுரையில் பழைய ஸ்கோர்களையும் புதியவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்திருக்கிறீர்கள். 1980, 1981 இறுதி ஆட்டங்கள் ஆண்களின் அளவுப் பந்தில் ஆடப்பட்டவை. சுற்றளவில் சுமார் 1 அங்குலம் குறைந்த, எடையும் குறைந்த பந்து 1984-85-ல்தான் வந்தது. லூசியானா டெக்கை 67-44 என வீழ்த்திய 1987 இறுதி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடே (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) கிடையாது. அது அடுத்த பருவத்தில் 19 அடி 9 அங்குலத்தில் போடப்பட்டது. 2015-16 முதல் 20 நிமிடப் பாதிகள் இரண்டுக்குப் பதில் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. மொத்தம் அதே 40 நிமிடம்தான். ஆனால் அணியின் ஃபவுல் கணக்கு ஒவ்வொரு கால்பகுதியிலும் புதிதாகத் தொடங்குவதால், ஃபவுல் மிகும்போது எதிரணிக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ (தடையற்ற எறிதல்) எண்ணிக்கையை நேராக ஒப்பிட முடியாது.

இன்னொரு சிறு திருத்தம். 1982 முதல் 2025 வரை "ஆண்டுதோறும்" என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆடியதாக எழுதியிருக்கிறீர்கள். 2020-ல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. "நடந்த போட்டிகள் அனைத்திலும்" என்பதே சரி.

பட்டியலை மறுபடி அச்சிடும்போது 1974-75 முதல் 1980-81 வரையிலான பருவங்களைச் சேர்த்து, போட்டியை நடத்திய சங்கத்தின் பெயருக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். முதல் வரி: 1974-75, 16 வெற்றி, 8 தோல்வி.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர்