பிள்ளைகளோடு ஓட ஆட்கள் தேவை

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தோட்டங்களில் தரம் 3 முதல் 5 வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்குகிறோம். அமெரிக்காவின் சார்லட் நகரில் 1996இல் 13 சிறுமிகளோடு ஆரம்பித்த 'கேர்ள்ஸ் ஒன் த ரன்' தான் முன்மாதிரி. அங்கே ஓட்டத்தோடு சேர்த்து மனம் விட்டுப் பேசவும், வேண்டாம் என்றால் துணிந்து சொல்லவும் பழக்கி, கடைசியில் எல்லாரையும் 5 கிலோமீட்டர் போக வைக்கிறார்கள், ஓடியோ நடந்தோ. யார் முதலாவது என்ற பேச்சே இல்லை.

1. முதல் கூட்டம்: வரும் சனி காலை 7 மணி, ஹட்டன் டன்பார் மைதானம். பின்னேரம் வைத்தால் மழை பிடித்துவிடும்.
2. ஓட்டக்காரராக இருக்கத் தேவையில்லை. பிள்ளைகள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்தால் போதும். அக்காமார் முன்வந்தால் நல்லது, கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமாரும் நம்பி அனுப்புவார்கள்.
3. வாரம் இரண்டு நாள் கட்டாயம். பாதியில் நின்றுவிடுவோம் என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள்.
4. தனியாக ஒரு பிள்ளையோடு யாரும் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள்.
5. சின்னச் சப்பாத்து சும்மா கிடந்தால் கொண்டு வாங்க.

வியாழன் இரவுக்குள் பெயரும் வசதியான நாட்களும் இங்கேயே போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் எடுக்க மாட்டேன், சரியா?