கையெழுத்து போடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? ஐஸ் கட்டியை வைத்தே காலத்தை ஓட்டாதே, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடு. அம்மா நலம். நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன், வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உன் சித்தப்பா ஆண்கள் டென்னிஸை நடத்துகிற ஏடிபியின் இணையதளத்தில் உன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு டாலரா, பேரன் பேத்தி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாமே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அங்கே போட்டிருப்பது வரிப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தப் பரிசுத் தொகை. வந்தது தெரியும், போனது தெரியாது. கோச்சுக்கு வாரச் சம்பளம், ஜெயித்தால் அதிலும் ஒரு பங்கு, அவருடைய டிக்கெட்டும் ரூமும் நம் தலையில், பிசியோ தனி, காயம்பட்டு வீட்டில் கிடந்த மாதங்களில் வரவு பூஜ்யம். சாலஞ்சர் என்கிற அந்த இரண்டாம் கட்டப் போட்டிகளில் மட்டைக்கு நரம்பு கட்டும் கூலியை மிச்சம் பிடிக்க ஓட்டல் மேசையில் மெஷினைப் பொருத்திக்கொண்டு ராத்திரி நீயே இழுத்துக் கட்டுவாய், பாலியஸ்டர் நரம்பு அறுத்த விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு மறுநாள் சர்வ் போடுவாய், அதை இவர்களில் யார் பார்த்தார்கள்? 2024-இல்தான் தரவரிசையில் முதல் நூறு பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர், 250-ஆம் இடம் வரை 75,000 டாலராவது உறுதி என்று ஏடிபி கொண்டுவந்தது. நீ மட்டையைக் கீழே வைத்த பிறகு! சரி, விடு.

அப்புறம், பெக்கரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1985-இல் 17 வயதில் விம்பிள்டன் ஜெயித்த ஆள், 2017-இல் திவால், சொத்தை மறைத்ததற்காக 2022-இல் லண்டன் நீதிமன்றம் இரண்டரை ஆண்டு சிறை கொடுத்தது. அவருக்கு முந்தைய சாம்பியன் போர்க் 26 வயதில் விலகினார், ஆரம்பித்த வியாபாரம் நொடித்தது, 2006-இல் ஐந்து விம்பிள்டன் கோப்பைகளையும் ஏலம் விடக் கிளம்பி, நல்லவேளை, மனம் மாறினார். அவ்வளவு சம்பாதித்தவர்களுக்கே இந்தக் கதி. நீ அவர்களைப் போல என்று சொல்லவில்லை. ஒரு ரூபாய்க்குக் கணக்கு எழுதி வைக்கிற பிள்ளை நீ, அது எனக்குத் தெரியும். ஆனால் ஆட்டத்தில் கெட்டிக்காரனாக இருந்தவனிடம் தொழிலும் அப்படியே வரும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஏற்றிவிடுவார்கள், நமக்கும் அது கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நீ ஒருவரோடு கூட்டாக டென்னிஸ் அகாடமி ஆரம்பிக்கப் போகிற விஷயம் என் காதுக்கு வந்தது. உன் வாயால் வரவில்லை, அதுதான் வருத்தம். அந்தப் பங்குதாரர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், ஆனால் உன் பெயர், உன் பணம், கடனுக்கு உன் வீடு ஜாமீன், அவர் பக்கம் அனுபவம் மட்டும் என்றால் என்ன கணக்கு அது? படிக்காமல் கையெழுத்து போடாதே. அவருடைய ஆடிட்டரிடம் கேட்காதே, வேறு ஆடிட்டரிடம் காட்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உனக்கு ஆசை இருந்தால் முதலில் சம்பளத்துக்குக் கோச்சாகப் போ, அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், படிக்காமல் கையெழுத்து போடாதே.

அந்தப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றாலும் அனுப்பு, நான் திட்டமாட்டேன். அம்மா திட்டுவாள், அது வேறு விஷயம்.

அப்பா