ஓணான் ஆய்வு வாளையாற்றோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் பக்கத்தில் ஓணானைப் படமெடுப்பவர்களும் ப்ராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்களும் தலை சிவந்த ஒன்றைக் கண்டதும் ‘கலப்பினம்’ என்று குறித்துவிடுகிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் தோளும் சிவப்பது இயல்புதான். நிறம் சாட்சியாகாது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை மட்டும் பார்ப்பதும் போதாது. அது தாய் வழியாக வருவது; தந்தை வேற்றினமாக இருந்தால் அதில் தடயமே இருக்காது.

இனங்களுக்கிடையே மரபணு கைமாறியதா என்று பார்க்க நோய் எதிர்ப்பு மரபணுக்களையும், குறிப்பாக எம்.ஹெச்.சி. தொகுதியையும், சேர்த்துக்கொள்ள வேண்டும். கிருமியின் புரதத் துணுக்கைச் செல்லின் மேல் ஏந்திக் காட்டி எதிர்ப்புப் படையை உசுப்புவது இவற்றின் வேலை. கூட்டத்தில் பரவலாக உள்ள மரபணு வடிவத்தை ஏய்க்கக் கிருமிகள் பழகிவிடும். அபூர்வ வடிவம் வைத்திருக்கும் உயிர் தப்பும். அதனால் பக்கத்து இனத்திலிருந்து வந்த வடிவம், மற்ற மரபணுக்கள் கழிந்துபோனாலும், தங்கிவிடுகிறது. ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியின் பொடார்சிஸ் பல்லிகளில் இப்படிப் பரவலாக நடந்திருப்பதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆல்ப்ஸ் மலையின் காட்டாடான ஐபெக்ஸுக்கு வீட்டு ஆட்டிலிருந்து ஒரு எம்.ஹெச்.சி. வடிவம் வந்திருப்பது 2014இல் தெரிந்தது.

இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு இனத்திலும் ஒரே வடிவம் இருப்பதாலேயே அது கலப்பு ஆகிவிடாது. பொது மூதாதையிடமிருந்து இரு கிளைக்கும் வந்ததாகவும் இருக்கலாம்; மனிதனும் சிம்பன்சியும்கூட இப்படிப் பழைய எம்.ஹெச்.சி. வழிகளைப் பகிர்கிறார்கள். பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரு இனமும் சேர்ந்து வாழும் இடத்திலும், விலகி வாழும் இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். சேர்ந்து வாழும் இடத்தில் மட்டும் பகிர்வு கூடியிருந்தால் அது பரிமாற்றம். விலகிய இடத்திலும் அதே அளவு இருந்தால் பழைய சொத்து. எம்.ஹெச்.சி. அல்லாத மற்ற மரபணுக்களோடும் ஒப்பிட வேண்டும்.

ஆனால் நம் மாணவர்களின் மாதிரிகள் தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாறு செக்போஸ்டோடு முடிகின்றன. பாலக்காட்டு மாணவர்களுடையவை அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. அனுமதி மாநில வாரியாக வனத்துறையிடம் வாங்க வேண்டியிருப்பதே காரணம். ஓணானுக்கு எல்லை தெரியுமா? இரு பக்கத்துக் கல்லூரிகளும் சேர்ந்து விண்ணப்பித்து, ஒரே முறையில் மாதிரி சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

மாதிரி எடுப்பதிலும் தவறு நடக்கிறது. வெளிநாட்டுச் செய்முறையைப் பார்த்து வால் நுனியை வெட்டுகிறார்கள். பொடார்சிஸுக்கும் வீட்டுப் பல்லிக்கும் வால் முளைக்கும், ஓணானுக்கு முளைக்காது. ஊர்வனவற்றின் சிவப்பணுவில் டி.என்.ஏ. அடங்கிய உட்கரு உண்டு என்பதால் ஒரு சொட்டு இரத்தமே போதும். பயிற்சி பெற்றவரே எடுக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்தால், டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். தடைபடும், இ.டி.டி.ஏ. பரவாயில்லை. 95 சதவீத எத்தனாலில் போட்டு வையுங்கள், ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

ஆய்வகத்தில், டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் பழைய சாங்கர் முறை இதற்கு உதவாது. ஒரே விலங்கில் எம்.ஹெச்.சி. மரபணுப் பிரதிகள் பல இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாது. ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாகப் படிக்கும் இல்லுமினா போன்ற ஆழ்ந்த வாசிப்பு தேவை. பி.சி.ஆரில் இரண்டு வடிவம் ஒட்டிப் பொய் வடிவம் ஒன்று பிறக்கும். ‘புதிய கலப்பு வடிவம்’ என்று அதைக் கொண்டாடிவிடக் கூடாது. ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக இரண்டு பி.சி.ஆர். செய்து, இரண்டிலும் வந்ததை மட்டும் ஏற்க வேண்டும். ஓர் இனத்துக்கு வடிவமைத்த பிரைமர் (பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) மற்றொன்றில் சில வடிவங்களைத் தவறவிடும் என்பதால், பிரைமரை இரு இனத்திலும் சோதித்த பிறகே மாதிரிகளை ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
பொள்ளாச்சி