ஹொரேஸ் வெல்ஸின் வீட்டைப் பற்றியும் சொல்லுங்கள்

பல் மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பல் டாக்டர் இல்லை. ஒரு சின்ன கிளினிக்கில் 18 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் பயத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது எனக்கு அன்றாடம். எங்களிடம் வேலைக்கு வரும் இளம் டாக்டர்களிடம் ஓய்வாக இருக்கும்போது, வலி தெரியாமல் பல் பிடுங்கச் சிரிப்பு வாயுவை (நைட்ரஸ் ஆக்சைடு) பயன்படுத்திய அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பேன். பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "சிரிப்பு வாயு கொடுத்துப் பல் பிடுங்கினவர்தானே, அப்புறம் ஆசிட் வீசி ஜெயிலுக்குப் போனாரே?" என்பார்கள். அதோடு முடிந்தது. அவருக்கு எலிசபெத் என்று ஒரு மனைவி, சார்லஸ் என்று ஒரு மகன் இருந்ததை இதுவரை யாருமே சொன்னதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1844 டிசம்பர் 10 ராத்திரி, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு ஊரில், கோல்டன் என்பவர் சிரிப்பு வாயுவை வைத்து ஒரு வேடிக்கைக் காட்சி நடத்தினார். வெல்ஸ் அதற்கு மனைவியோடு போயிருந்தார். வயது 29. கல்யாணமாகி ஆறு வருடம், வீட்டில் ஐந்து வயதுப் பையன். வாயுவைச் சுவாசித்த சாமுவேல் கூலி என்ற மருந்துக்கடைப் பையன் தலைகால் தெரியாமல் ஓடிக் காலில் அடிபட்டுக்கொண்டான். ரத்தம் வழிகிறது, அவனுக்கு வலியே இல்லை. கூட்டத்தில் மற்றவர்களும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றாடம் பல் பிடுங்கி, அன்றாடம் அலறல் கேட்ட வெல்ஸுக்குத்தான் இந்த வாயுவால் வலியில்லாமல் பல் பிடுங்கலாம் என்று உறைத்தது.

மறுநாளே தன் வாயைத்தான் முதலில் கொடுத்தார். கோல்டன் வாயுப்பையைப் பிடிக்க, ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். ஈறு நோய்க்கு ஒரு காலத்தில் தன் பெயரையே கொடுத்த அதே ரிக்ஸ்தான். வேறு யாரையும் சோதனைக்கு உட்கார வைப்பதற்கு முன்னால் தானே உட்கார்ந்தார் பாருங்கள், இதை உங்கள் மாணவர்களிடம் ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. காப்புரிமையும் அவர் கேட்கவில்லை. சக மருத்துவர்களுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுத்தார்.

பாஸ்டன் கதையை நீங்களே சொல்லியிருப்பீர்கள். 1845 ஜனவரியில் மாணவர்கள் நிறைந்த அரங்கில் வாயு கொடுத்துப் பல் பிடுங்குவதைச் செய்து காட்டினார். வாயுப்பையைக் கொஞ்சம் சீக்கிரமாக எடுத்துவிட்டார்கள், நோயாளி முனகினார், "ஏமாற்று வேலை" என்று கூச்சல் கிளம்பியது. பெரிதாக வலிக்கவில்லை என்று அந்த நோயாளியே பிறகு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அடுத்த வருடம் அக்டோபரில் வெல்ஸுடைய பழைய மாணவரும் கூட்டாளியுமான மார்டன், ஈதர் என்ற மயக்க மருந்தை வைத்து மாஸசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் புகழ் பெற்றார். காப்புரிமையும் வாங்கிக்கொண்டார்.

பாடத்தில் இதற்குப் பிறகு ஒரே தாவாகச் சிறைக்குப் போய்விடுகிறோம். பாஸ்டனுக்கும் சிறைக்கும் நடுவில் மூன்று வருடம் இருக்கிறது. உடம்பு முடியாமல் வெல்ஸ் கிளினிக்கை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். குளிக்கும் ஷவர் ஒன்றை வடிவமைத்து விற்கப் பார்த்தார். பாரிஸுக்குப் போய்த் தன் கண்டுபிடிப்புக்கு நியாயம் கேட்டார், வரும்போது விற்பதற்கு ஓவியங்கள் வாங்கிவந்தார். நிலையான வருமானம் இல்லாத அந்த நாட்களில் எலிசபெத் எப்படிக் குடும்பம் நடத்தியிருப்பார் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

1848 ஜனவரியில் அவர் மட்டும் நியூயார்க் போனார். குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துச் சோதித்து அதன் பிடியில் விழுந்தார். தன் 33வது பிறந்தநாளன்று புத்தி தடுமாறித் தெருவில் நின்ற இரண்டு பெண்கள் மேல் அமிலம் வீசினார். அவர்கள் ஏழைப் பெண்கள், பாலியல் தொழில் செய்து பிழைத்தவர்கள். அவர்கள் பட்டதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கைதான சில நாட்களில் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எப்படி என்ற விவரத்தை வகுப்பில் கதைபோல விரித்துச் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வேலை அழுத்தத்திலும் மன உளைச்சலிலும் இருக்கும் பிள்ளைகள் உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம். மயக்க மருந்து கையில் இருக்கிறவர்களுக்கு அதன் பழக்கம் எப்படித் தொற்றும், அப்போது யாரிடம் உதவி கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள். வெல்ஸுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

எலிசபெத்துக்கு அப்போது மிஞ்சியது எட்டு வயது மகனும் ஊர் வாயும்தான். வாயுவால் வலியைப் போக்கும் முறையைக் கண்டுபிடித்தவராகப் பாரிஸ் மருத்துவச் சங்கம் வெல்ஸைத்தான் ஏற்றுக்கொண்டது என்ற செய்தி, அவர் செத்த பிறகு கடல் தாண்டி வந்து சேர்ந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுத்து, வலியை வென்றதற்காக ஒரு லட்சம் டாலர் தரவேண்டும் என்று மார்டன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மனுப் போட்டார். வெல்ஸின் பக்கத்தைக் கனெக்டிகட் செனட்டர் ட்ரூமன் ஸ்மித் எடுத்துப் பேசினார். வருடக்கணக்கில் இழுபறி. கடைசியில் பணம் யாருக்கும் போகவில்லை.

1864இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும், 1870இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் அவரை அங்கீகரித்தன. 1875இல் ஹார்ட்ஃபோர்டின் புஷ்னெல் பூங்காவில் சிலை வைத்தார்கள். அதையெல்லாம் பார்க்க எலிசபெத் உயிரோடு இருந்தார். 1889இல்தான் காலமானார்.

சார்லஸை நினைத்தால்தான் எனக்குத் தொண்டை அடைக்கும். அப்பாவை எட்டு வயதில் இழந்த பையன், கிட்டத்தட்ட எழுபது வயதில், 1908இல், பெற்றோரை சீடர் ஹில் கல்லறைக்கு மாற்றி ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். அடுத்த வருடமே அவரும் போய்விட்டார். மூவரும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

இதற்குத் தனிப் பாடம் வேண்டாம், பத்து நிமிடம் போதும். சிரிப்பு வாயுவை ஆக்சிஜனோடு எந்த அளவில் கலந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற அதே வகுப்பில், அந்தக் கல்லறையின் படத்தையும் காட்டி, மூன்று பெயர்களையும் சொல்லுங்கள். உங்களிடம் படித்துவிட்டு எங்கள் கிளினிக்குக்கு வரும் அடுத்த டாக்டரிடம் நான் கண்டிப்பாகக் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு பல் கிளினிக் உதவியாளர்